கார் இல்லாத நேரத்திலும் சுவர்ச் சார்ஜர் மின்சாரம் எடுக்குமா?

இலங்கையில் தனியார் வாகன இறக்குமதிக்கு இருந்த தடை 2025 பெப்ரவரியில் நீங்கிய பின்னர், மின்கார் வாங்குவது பற்றிய பேச்சு திருகோணமலையிலும் வலுத்திருக்கிறது. உவர்மலையிலும் உப்புவெளியிலும் சில வீடுகளின் போர்ட்டிகோச் சுவரில், ஒரு தடித்த வடம் தொங்கும் சிறிய பெட்டியை இப்போது காணலாம். கார் வேலைக்குப் போய்விட்ட பகற்பொழுதிலும் அந்தப் பெட்டியின் முகப்பில் ஒரு விளக்கு எரிந்துகொண்டிருப்பதால், அது சும்மா இருக்கும்போதும் மின்பட்டியலை ஏற்றுகிறதா என்ற கேள்வி இயல்பாகவே எழுகிறது. ஏற்றுகிறது, ஆனால் கொஞ்சமாக. அந்தக் கொஞ்சம் எவ்வளவு, எந்த வீட்டில் அதைப் பொருட்படுத்த வேண்டும், அதை வீட்டிலிருந்தபடியே எப்படி அளக்கலாம் என்பனவற்றையே இங்கு விளக்க முயல்கிறேன்.

முதலில் பெட்டியின் வேலையைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. நாம் சார்ஜர் என்று அழைத்தாலும், வீட்டுக்கு வரும் ஆடலோட்டத்தை நேரோட்டமாக மாற்றிப் பற்றரிக்குள் செலுத்தும் மின்னேற்றி காருக்குள்ளேயே இருக்கிறது. சுவரிலுள்ள பெட்டி செய்வதெல்லாம், கார் சரியாகச் செருகப்பட்டிருக்கிறதா, மின்கசிவு ஏதும் உண்டா என்று பார்த்து, எத்தனை அம்பியர் வரை எடுக்கலாம் என்று காருக்கு அறிவித்து, எல்லாம் சரியென்றால் உள்ளேயிருக்கும் ரிலே என்ற தானியங்கிச் சுவிச்சை மூடி (அதாவது இணைத்து) 230 வோல்ற்றை வடத்துக்குள் அனுமதிப்பதுதான். வாசலில் நிற்கும் காவலாளியைப் போன்றது அது. ஆள் வராத இரவுக்கும் அவருக்குச் சம்பளம் உண்டு.

அந்தச் சம்பளம் எங்கே போகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். கார் செருகப்படாத வேளையில், வடத்துக்குள் ஓடும் ஒரு மெல்லிய சமிக்ஞைக் கம்பியில் பெட்டி 12 வோல்ற்றை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. காரைச் செருகியதும் காரிலுள்ள ஒரு தடையி அதனை 9 வோல்ற்றுக்கு இறக்குகிறது. மின்னேற்றத்துக்குத் தயார் என்று கார் முடிவெடுக்கும்போது அது 6 வோல்ற்றாகிறது. அதேவேளை பெட்டி அந்தக் கம்பியில் செக்கனுக்கு 1000 தடவை ஏறியிறங்கும் ஒரு துடிப்பை அனுப்புகிறது. துடிப்பின் அகலம் 27 சதவீதமளவில் இருந்தால் 16 அம்பியர், 53 சதவீதமளவில் இருந்தால் 32 அம்பியர் என்று கார் விளங்கிக்கொள்கிறது. இவ்வளவு உரையாடலுக்கும் அந்தக் கம்பியில் ஓடுவது சில மில்லி அம்பியர் மாத்திரமே. ஆகவே காத்திருப்பு நுகர்வுக்குக் காரணம் இந்தச் சமிக்ஞை அன்று. 230 வோல்ற்றைத் தாழ்த்தி உள்மின்சுற்றுகளுக்குக் கொடுக்கும் சிறிய மின்வழங்கி, மின்கசிவு உணரி, முகப்பு விளக்குகள், அட்டை வாசிப்பான், திரை ஆகியனவும், எல்லாவற்றுக்கும் மேலாக வைஃபை அல்லது 4ஜி இணைப்பும்தான் அதனை உண்டாக்குகின்றன. இணைய வசதியோ திரையோ இல்லாத எளிய பெட்டிகள் பொதுவாக 1 முதல் 3 வாட் வரையும், வைஃபை உள்ளவை 3 முதல் 8 வாட் வரையும் எடுக்கும். பெரிய திரையும் 4ஜியும் கொண்டவை 10 வாட்டையும் தாண்டலாம். வீட்டில் இரவுபகலாக எரியும் வைஃபை ரவுட்டர் எடுப்பதும் ஏறத்தாழ இவ்வளவுதான் என்பதை ஒப்பீட்டுக்காக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வாட் என்பது வலுவின் அளவு. மின்பட்டியல் பணம் கேட்பதோ சக்திக்கு. ஒரு கிலோவாட் வலுவை ஒரு மணித்தியாலம் எடுத்தால் அதுவே பட்டியலிலுள்ள ஓர் அலகு. சிறிய வலுவும் நீண்ட நேரத்தால் பெருக்கப்படும்போது கணக்கில் தெரியத் தொடங்குகிறது. 5 வாட் எடுக்கும் பெட்டி ஆண்டின் 8,760 மணித்தியாலமும் விழித்திருந்தால் 43.8 அலகு, அதாவது மாதத்துக்கு 3.65 அலகு செலவாகும். 2 வாட் பெட்டிக்கு அது மாதத்துக்கு ஒன்றரை அலகுக்குக் கீழே. 10 வாட் பெட்டிக்கு 7 அலகுக்குச் சற்று மேலே. மின்னேற்றம் நடக்கும் நேரத்தை இக்கணக்கிலிருந்து கழிக்க வேண்டாமா என்று கேட்டால், கழிப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. வீட்டுச் சார்ஜர்கள் சராசரியாகத் தம் நேரத்தின் 85 சதவீதத்தைக் காத்திருப்பிலேயே கழிக்கின்றன என்று அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் திட்டம் சொல்கிறது. 7 கிலோவாட் பெட்டியில் மாதம் 45 அலகு மட்டும் ஏற்றும் வீட்டில் ரிலே மூடியிருப்பது மொத்தமாக ஆறரை மணித்தியாலம். 720 மணித்தியாலம் கொண்ட மாதத்தில் அது ஒரு சதவீதம்கூட இல்லை.

இங்கேதான் ஒரே பெட்டி இரண்டு வீடுகளில் இரண்டு விதமாகத் தோன்றுகிறது. கந்தளாயிலிருந்து திருகோணமலை நகருக்கு நாள்தோறும் வேலைக்கு வந்து போகும் ஒருவர் மாதம் 1,700 கிலோமீற்றர் அளவில் ஓடுகிறார் என்றும், 100 கிலோமீற்றருக்கு 15 அலகு செலவாகிறது என்றும் வைத்துக்கொண்டால், அவருடைய கார் 255 அலகு எடுக்கிறது. அதனருகில் 3.65 அலகு என்பது ஒன்றரைச் சதவீதத்துக்கும் குறைவு. அதைப் பற்றி அவர் கவலைப்படத் தேவையில்லை. உப்புவெளியில் வசித்துக்கொண்டு, பிள்ளைகளை நகரப் பாடசாலையில் விடவும் சந்தைக்குப் போய்வரவும் எப்போதாவது நிலாவெளிக்குப் போகவும் மாத்திரம் காரை எடுக்கும் குடும்பம் மாதம் 300 கிலோமீற்றர்தான் ஓடும். அவர்களுடைய கார் எடுப்பது 45 அலகு. அதனோடு ஒப்பிட்டால் அதே 3.65 அலகு 8 சதவீதமாகிறது. குறைவாக ஓடுபவருக்கே காத்திருப்பின் பங்கு பெரிது. விளம்பரங்களில் வரும் கணக்குகள் எப்போதும் நிறைய ஓடுபவரை வைத்தே போடப்படுவதால் இது வெளியில் தெரிவதில்லை.

பணமாகப் பார்க்கும்போது நம் நாட்டுக் கட்டண முறை இன்னொரு கோணத்தைச் சேர்க்கிறது. கட்டணங்கள் அடிக்கடி மாறுவதால் ரூபாய்க் கணக்கை இங்கு தரவில்லை. அதன் அமைப்பை விளங்கிக்கொண்டால் போதும். மாதம் 60 அலகுக்கு மேல் செல்லும் வீடுகளுக்கு 60, 90, 120, 180 என்ற எல்லைகளைக் கொண்ட படிமுறைக் கட்டணம் இருக்கிறது. படி ஏற ஏற ஓர் அலகின் விலையும் மாதாந்த நிலையான கட்டணமும் கூடுகின்றன. புதிதாகச் சேரும் எந்த அலகும் கடைசிப் படியின் மேல்தான் போய் உட்காரும். காரை வீட்டிலேயே ஏற்றும் குடும்பம் பெரும்பாலும் மேற்படியை எட்டிவிடுவதால், பெட்டி எடுக்கும் மூன்றரை அலகுக்கும் அந்த வீடு செலுத்துவது சராசரி விலையை அல்ல, அதன் உச்ச விலையை. 178 அலகில் நிற்க வேண்டிய வீட்டை அது 180க்கு அப்பால் தள்ளிவிட்டால், நிலையான கட்டணத்தின் படியும் மாறிவிடும். நேரத்துக்கேற்ப விலை மாறும் கட்டணத்தைத் தெரிவுசெய்தவர்களுக்கு நிலைமை சற்று வேறு. அவர்கள் காரை இரவு 10.30க்கும் அதிகாலை 5.30க்கும் இடைப்பட்ட மலிவு நேரத்தில் ஏற்றுகிறார்கள். பெட்டியின் காத்திருப்புக்கு அந்தத் தெரிவு கிடையாது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்திலும் அது தன் பங்கை எடுத்தே தீரும். அந்த நான்கு மணித்தியாலம் நாளின் ஆறிலொரு பங்கு.

இனி அளப்பதற்கு வருவோம். விவரத்தாளில் இருக்கும் எண்ணைவிட உங்கள் வீட்டில் எடுத்த எண்ணே நம்பத்தக்கது. 13 அம்பியர் பிளக்கில் செருகும் கையடக்கச் சார்ஜர் என்றால் வேலை எளிது. பிளக்குக்கும் சார்ஜருக்கும் நடுவே செருகும் சிறிய வாட்மானியொன்றை வைத்து ஒரு நாள் விட்டால் போதும். காத்திருப்பை மாத்திரம் அளந்துவிட்டு, காரை ஏற்றுவதற்கு முன் மலிவான அந்த மானியைக் கழற்றிவிட வேண்டும், ஏனெனில் மணிக்கணக்கில் ஓடும் 10 அம்பியரைத் தாங்குவதற்கு அவற்றில் பலவும் பொருத்தமானவை அல்ல. சுவரில் நிரந்தரமாக இணைத்த பெட்டிக்கு அப்படிச் செருக இடமில்லை. அதற்கு வீட்டு மின்மானியையே அளவுகருவியாக்கலாம்.

இலத்திரனியல் மின்மானியின் முகப்பில் ஒரு சிறு சிவப்பு விளக்கு மினுங்கும். ஒரு கிலோவாட்மணிக்கு எத்தனை மினுக்கம் என்பது அதே முகப்பில் 1000, 1600, 3200 என்பது போன்ற ஓர் எண்ணாக அச்சிடப்பட்டிருக்கும். 36 இலட்சத்தை அந்த எண்ணால் வகுத்து, கிடைப்பதை இரண்டு மினுக்கங்களுக்கு இடையிலுள்ள செக்கன்களால் வகுத்தால், அந்த நேரத்தில் வீடு எடுக்கும் வாட் கிடைக்கும். 1600 மினுக்க மானியில் 36 இலட்சத்தை வகுத்தால் 2,250. பெட்டியைத் தவிர மற்ற எல்லாப் பிரேக்கர்களையும் இறக்கிவிட்டுப் பார்த்தால், 5 வாட்டுக்கு ஏழரை நிமிடத்துக்கு ஒரு முறைதான் விளக்கு மினுங்கும், பொறுமை தேவை. அதைவிடப் பெரிய சிக்கல் வேறொன்று. மிகச் சிறிய மின்னோட்டத்தை மின்மானி எண்ணாமலே விடக்கூடும். துல்லியத்தில் முதலாம் வகுப்பைச் (Class 1) சேர்ந்த மின்மானியொன்று தன் அடிப்படை மின்னோட்டத்தின் 0.4 சதவீதத்திலாவது எண்ணத் தொடங்க வேண்டும் என்பதே சர்வதேச நியமம். அடிப்படை மின்னோட்டம் 10 அம்பியர் என்றால் அது 40 மில்லி அம்பியர், அதாவது 9 வாட்டுக்குச் சற்று மேல். பல மானிகள் அதற்குக் கீழேயே விழித்துக்கொள்ளும் என்றாலும், விளக்கு மினுங்கவில்லை என்பதை வைத்துப் பெட்டி எதுவும் எடுக்கவில்லை என்று முடிவுசெய்ய முடியாது. வழக்கமான நாளில் குளிர்சாதனப் பெட்டியோ மின்விசிறியோ ஓடிக்கொண்டிருக்கும்போது, அந்த 5 வாட்டும் அவற்றோடு சேர்ந்து எண்ணப்பட்டுவிடும்.

இதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. பழைய 60 வாட் குண்டு மின்குமிழ் ஒன்றை எரியவிட்டு, மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, முதலில் பெட்டியின் பிரேக்கரையும் இறக்கிய நிலையில் பத்து மினுக்கங்களுக்கான நேரத்தைக் கைப்பேசி நிறுத்தற்கடிகாரத்தால் எடுக்க வேண்டும். 1600 மானியில் அது 375 செக்கன் அளவில் வரும். பின்னர் பெட்டியின் பிரேக்கரை ஏற்றி, அது தொடங்கி வைஃபையுடன் இணைந்து அமைதியடையச் சில நிமிடம் விட்டு, மீண்டும் பத்து மினுக்கங்களை எண்ண வேண்டும். இப்போது 346 செக்கன் வந்தால், மொத்தம் 65 வாட்; வித்தியாசமான 5 வாட் பெட்டியினுடையது. மின்குமிழ் மாலையில் ஒரு வெளிச்சமும் நள்ளிரவில் ஒரு வெளிச்சமும் தரும் தெருவில் இருப்பவர்கள், வோல்ற்றளவு நிலையாக இருக்கும் நேரம் பார்த்து இதை இரண்டு மூன்று முறை செய்வது நல்லது. சுழல் தட்டுள்ள பழைய மின்மானியிலும் இதே முறை செல்லும்; மினுக்கத்துக்குப் பதிலாகத் தட்டிலுள்ள கறுப்புக் குறி எத்தனை செக்கனுக்கு ஒரு முறை முன்னே வருகிறது என்று பார்க்க வேண்டும்.

கம்பியைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை மாத்திரம் அளக்கும் கவ்வி மானியை வைத்துக்கொண்டு வரும் மின்னிணைப்பாளர் ஒருவர், 0.05 அம்பியர் காட்டுகிறது, 230ஆல் பெருக்கினால் பதினொன்றரை வாட் என்று சொல்லக்கூடும். அந்த எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். இத்தகைய பெட்டிகளின் உள்ளே, மின்னிரைச்சலை வடிகட்டுவதற்கான கொள்ளளவிகள் வழங்கலுக்குக் குறுக்கே இணைக்கப்பட்டிருக்கின்றன. அவை எடுக்கும் மின்னோட்டத்தின் பெரும்பகுதி ஒவ்வொரு சுற்றிலும் திரும்பிப் போய்விடுகிறது. வலுக்காரணி, அதாவது மின்னோட்டத்தில் உண்மையாகவே வேலைக்குப் பயன்படும் பங்கு, தாழ்ந்திருக்கும் இந்நிலையில் கவ்வி மானி காட்டும் பதினொன்றரைக்குப் பின்னால் உண்மையான வலு 4 வாட்டாகவே இருக்கலாம். வீட்டு மின்மானி பணம் கேட்பது அந்த 4 வாட்டுக்குத்தான்.

அளந்த பின்னர், தேவையில்லாத நேரத்தில் பிரேக்கரை இறக்கிவிடலாமா என்ற கேள்வி வரும். அடிக்கடி இறக்கி ஏற்றினால் பிரேக்கர் பழுதாகிவிடும் என்று சொல்லப்படுகிறது. அந்த வாதம் எனக்கு அவ்வளவு வலுவானதாகத் தோன்றவில்லை, ஏனெனில் வீட்டுப் பிரேக்கர்களுக்கான சர்வதேச நியமம் முழுச் சுமையோடு 4,000 தடவை இயங்குவதை எதிர்பார்க்கிறது. நாளுக்கு ஒரு தடவை என்றாலும் அது பத்தாண்டைத் தாண்டும். வேறு தடைகள்தான் முக்கியமானவை. மலிவு நேரத்தில் தானாகத் தொடங்கும்படி நேர அட்டவணை வைத்திருப்பவர் பிரேக்கரை ஏற்ற மறந்தால், காலையில் ஏறாத காரோடு நிற்பார். மென்பொருள் புதுப்பிப்பு நடக்கும்போது மின்சாரத்தை வெட்டினால் பெட்டியே முடங்கக்கூடும். மாதம் மூன்றரை அலகுக்காக நாள்தோறும் இந்தச் சிரமத்தைப் பட வேண்டுமா என்பது அவரவர் விருப்பம், நான் படமாட்டேன். நல்லூர்த் திருவிழாவுக்கென்று பத்து நாள் யாழ்ப்பாணம் போய்விடுகிற வீட்டில் இறக்கிவிட்டுப் போவது நியாயமானது, மிச்சம் 1.2 அலகுதான் என்றாலும், ஆளில்லாத வீட்டில் ஒரு சாதனம் குறைவாக விழித்திருக்கும். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி முழங்கும் பிற்பகல்களில் மின்சாரச் சிக்கனத்துக்காக அல்லாமல் பாதுகாப்புக்காகவே நிறுத்தலாம். ஆனால் பிரேக்கரின் சிறிய இடைவெளி மின்னல் எழுச்சியை நிச்சயமாகத் தடுக்கும் என்று எண்ணக்கூடாது. அதற்கு எழுச்சிக் காப்பு தனியாகப் பொருத்தப்பட வேண்டும்.

கையடக்கச் சார்ஜரைப் பிளக்கிலிருந்து தினமும் பிடுங்கிச் செருகுவதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். கடற்கரையோரத்து வீடுகளின் வெளிப்புறப் பிளக்குகளில் உப்புக் காற்றால் பித்தளை முனைகள் பச்சை பூத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தளர்ந்தும் அரித்தும் போன தொடுகையில் 0.1 ஓம் தடை சேர்ந்தால், 10 அம்பியர் ஓடும்போது அந்த ஒரே புள்ளியில் 10 வாட் வெப்பம் பிறக்கிறது. காத்திருப்பு நுகர்வைப் போல அது பெட்டி முழுவதும் பரவிப் போவதில்லை. பிளக்கின் பிளாஸ்ரிக்கை மணிக்கணக்கில் சுட்டுக்கொண்டிருக்கும். பிளக்கை அசைக்காமல், மின்னேற்றம் முடிந்த பின்னர் அதன் பக்கத்திலுள்ள சுவிச்சை மாத்திரம் நிறுத்தினால் காத்திருப்பும் இல்லை, தேய்மானமும் இல்லை.

பெட்டியைப் பற்றி இவ்வளவு பேசும்போது, வடத்தின் மறுமுனையில் நிற்பதை மறந்துவிடக்கூடாது. பற்றரி நிறைந்த பிறகும் செருகியபடியே நிற்கும் கார் தூங்கிவிட்டால் நல்லது. ஆனால் கைப்பேசிச் செயலியை அடிக்கடி திறந்து பார்ப்பதும், நிற்கும் காரின் சுற்றுப்புறத்தைக் கண்காணிக்கும் சுற்றுக்காவல் கமராவை இயக்கிவைப்பதும் காரின் கணினிகளை விழித்திருக்க வைக்கின்றன. அப்போது 200 வாட் அளவில் செலவாவது வழக்கத்துக்கு மாறானதன்று. ஒரு முழுநாள் அப்படி நின்றால் 4.8 அலகு, சுவர்ப் பெட்டி ஒரு மாதம் முழுவதும் காத்திருந்து எடுப்பதை அது ஒரே நாளில் தாண்டிவிடுகிறது. மின்னேற்றத்தின்போதும் கார் இப்படி விழித்துத்தான் இருக்கிறது. அதற்கு 250 வாட் என்று வைத்துக் கணக்குப் போட்டால், 10 அம்பியர் கையடக்கச் சார்ஜரில் பற்றரிக்கு 40 அலகு சேர்க்க ஏறத்தாழ இருபது மணித்தியாலம் பிடிக்கும். கார் விழித்திருந்த செலவு மாத்திரம் 5 அலகுக்குக் கிட்ட. 32 அம்பியர் பெட்டியில் அதே வேலை ஆறு மணித்தியாலத்துக்குள் முடிந்து, அச்செலவு ஒன்றரை அலகுக்குள் நிற்கும். மிஞ்சும் மூன்றரை அலகு, 5 வாட் பெட்டியொன்றின் மாதக் காத்திருப்புக்குச் சமம். காத்திருப்புச் செலவுக்குப் பயந்து சுவர்ப் பெட்டியைத் தவிர்த்து மெதுவான சார்ஜரோடு இருப்பவர், மாதம் 40 அலகு ஏற்றினாலே அந்த மிச்சத்தை இழந்துவிடுகிறார். அதற்கு மேல் ஏற்றுபவர் நட்டப்படுகிறார்.

புதிதாக வாங்குபவர் விவரத்தாளில் காத்திருப்பு வலு என்ற வரியைத் தேட வேண்டும். சர்வதேச எரிசக்தி முகவரகம் வீட்டுச் சாதனங்களின் காத்திருப்பை ஒரு வாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்று 1999இல் முன்மொழிந்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2010இல் அந்த எல்லையைப் பெரும்பாலான வீட்டுச் சாதனங்களுக்குச் சட்டமாக்கி, 2013இல் அதை அரை வாட்டாக இறுக்கியது. எப்போதும் இணையத்தோடு பேசிக்கொண்டிருக்கும் கார்ச் சார்ஜர்கள் அவ்வளவு கீழே இறங்குவதில்லை. எனினும் எனர்ஜி ஸ்டார் முத்திரை பெற்றவை சாதாரணமானவற்றைவிடக் காத்திருப்பில் 40 சதவீதம் குறைவாக எடுக்கின்றன என்று அத்திட்டம் கூறுகிறது. அந்த வரி விவரத்தாளில் இல்லையென்றால், திரை இல்லாத, வைஃபையை அணைத்துவைக்க முடிகிற பெட்டியைத் தெரிவுசெய்யலாம். நேர அட்டவணையைக் காரிலேயே அமைத்துக்கொள்ள முடிகிறபோது, பெட்டிக்கும் இணையம் வேண்டும் என்ற அவசியம் இல்லை.